அக்ராஸ் நின்றபோது நாங்கள் இழந்தது

2018 ஏப்ரல் முதல் வாரத்தில் புஜிபிலிம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நியோபான் 100 அக்ராஸ் இனிமேல் தயாராகாது. பெரிய வியூ கேமராக்களில் போடும் ஷீட் பிலிம் மே மாதத்தோடு சரி. 35 மி.மீ. ரோலும் 120 ரோலும் அக்டோபர் வரை கடைக்கு வரும், அதற்குப் பிறகு வராது. கருப்பு-வெள்ளை பிரிண்ட் பேப்பரும் படிப்படியாக நிறுத்தப்படும். தேவை குறைந்துகொண்டே போவதுதான் காரணம் என்று சொல்லியிருந்தார்கள். 1934-ல் பிலிம் செய்வதற்காகவே தொடங்கிய ஒரு நிறுவனம், கருப்பு-வெள்ளையை மொத்தமாகக் கைவிட்டது.

பிலிமில் படம் எடுக்காதவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. பிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் எங்களில் பலருக்கு அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. பிலிம் பக்கமே வராத என் அண்ணன் நேராகவே கேட்டார்: “ஏண்டா, அது இல்லேன்னா இன்னொரு கம்பெனி ரோலை வாங்கிப் போட வேண்டியதுதானே? இதுல இவ்வளவு வருத்தப்பட என்ன இருக்கு?”

நியாயமான கேள்வி. போனில் இரண்டு வரியில் சொல்லிவிட முடியாத பதில். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அக்ராஸ் எப்படிப்பட்ட பிலிம் என்று சொல்லிவிடுகிறேன். வேகம் ஐ.எஸ்.ஓ. 100. கிரெய்ன் மிக மிக நுண்ணியது. 35 மி.மீ. நெகடிவிலிருந்து பெரிய பிரிண்ட் போட்டால்கூட வானம் வழவழவென்று விழும். வழக்கமான பான்குரோமாட்டிக் பிலிம்களைவிட ஆழ்ந்த சிவப்பை இது கொஞ்சம் குறைவாகவே பார்க்கும். ஆர்த்தோ-பான்குரோமாட்டிக் என்று சொல்வார்கள். அதனால் மனிதத் தோலின் நிறம் சற்று அழுத்தமாக விழும், உதட்டுச் சிவப்பு ஒரு படி இருண்டு நிற்கும், இலைப் பச்சையின் வெவ்வேறு சாயல்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். நம்மூர் முகங்களுக்கு அது பொருந்திய விதத்தை நான் வேறு எந்த 100 வேக பிலிமிலும் பார்த்ததில்லை.

ஆனால் உலகம் முழுக்க அக்ராஸுக்கு இருந்த பெயர் இதனால் மட்டும் வந்ததல்ல. இரவில் படம் எடுப்பவர்களிடம் கேட்டால் வேறொரு காரணம் சொல்வார்கள்.

வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். கேமரா கையில் எடுத்த கொஞ்ச நாளிலேயே நாம் எல்லாரும் கற்றுக்கொள்ளும் கணக்கு இது. பகலில் எந்த பிலிமும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படும். எக்ஸ்போஷர் ஒரு விநாடியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான பிலிம்கள் கட்டுப்படாது. காரணம் பிலிமின் ரசாயனத்திலேயே இருக்கிறது. பிலிமில் பூசப்பட்ட ஜெலட்டினுக்குள் சில்வர் ஹாலைடு படிகங்கள் இருக்கின்றன. ஒரு படிகம் டெவலப்பரில் கறுக்க வேண்டும் என்றால், ஒளி படும்போது அதற்குள் மூன்று நான்கு வெள்ளி அணுக்களாவது ஓரிடத்தில் சேர்ந்து நிலைத்திருக்க வேண்டும். ஒளித்துகள்கள் மளமளவென்று வந்து விழுந்தால் அவை சேர்ந்துவிடும். இருட்டில் ஒளித்துகள்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத்தான் வரும். முதலில் உருவான ஒற்றை வெள்ளி அணு, துணைக்கு இன்னொன்று வருவதற்குள் சிதைந்துவிடும். வெளிச்சம் விழுந்திருக்கும், ஆனால் பதிவாகியிருக்காது. ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்று இதற்குப் பெயர்.

இதை ஈடுகட்ட எவ்வளவு நேரம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் தகவல் தாளில் அச்சிட்டிருக்கும். கோடாக் ட்ரை-எக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 10 விநாடி காட்டினால் 50 விநாடி கொடுக்க வேண்டும். 100 விநாடி காட்டினால் 1200 விநாடி, அதாவது 20 நிமிடம். அதோடு முடியவில்லை, கான்ட்ராஸ்ட் எகிறிவிடாமல் இருக்க டெவலப் செய்யும் நேரத்தை 30 சதவீதம் குறைக்கவும் வேண்டும். இல்ஃபோர்டின் எஃப்.பி.4 பிளஸ்ஸில் மீட்டர் 60 விநாடி காட்டினால் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகும். கோடாக் டி-மேக்ஸ் 100 இவற்றைவிட நல்ல பிள்ளை, 100 விநாடிக்கு 200 விநாடி போதும்.

அக்ராஸில் 120 விநாடி வரை எதுவுமே கூட்ட வேண்டாம். 120 விநாடியிலிருந்து 1000 விநாடி வரை வெறும் அரை ஸ்டாப்.

எண்களாகப் படித்தால் இது ஒரு சின்ன வசதி போலத் தெரியும். களத்தில் நின்றால்தான் இதன் அருமை புரியும். எண்ணூர் முகத்துவாரத்தில் விடியலுக்கு முன்னால் எத்தனையோ முறை ட்ரைபாட் போட்டு நின்றிருக்கிறேன். தூரத்தில் புகைபோக்கிகள், அவற்றின் உச்சியில் சிவப்பு விளக்குகள், கரையோரம் கட்டிப்போட்ட படகுகள், தகடு மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீர். எஃப் 11-ல் மீட்டர் ஒன்றரை நிமிடம் காட்டும். அக்ராஸ் போட்டிருந்தால் கேபிள் ரிலீஸை அழுத்திப் பூட்டிவிட்டு, வாட்சைப் பார்த்து, ஒன்றரை நிமிடத்தில் விட்டுவிடுவேன். எஃப்.பி.4 போட்டிருந்தால் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் திறந்து வைக்க வேண்டும். விடியற்காலை வெளிச்சமோ நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகும். ஷட்டரைத் திறந்தபோது இருந்த வெளிச்சம் மூடும்போது இருக்காது. அப்போது மீட்டர் சொன்ன கணக்கும் செல்லாது, நாம் கூட்டிய கணக்கும் செல்லாது. அந்த ஐந்து நிமிடத்தில் படகுகள் ஒரு தடவை ஆடி அமர்ந்திருக்கும், அணியத்தின் கோடு நெகடிவில் மங்கிவிடும். அக்ராஸில் அந்தக் கோடு நிற்கும்.

இதைத்தான் அண்ணனுக்கு நான் சொல்ல நினைத்தேன். இன்னொரு பிலிமைப் போடலாம், படமும் வரும். ஆனால் நான் கற்றுவைத்திருந்த கணிப்பு அதில் செல்லாது. பிலிமில் வேலை செய்பவனுடைய திறமையில் பாதி அவன் கையில் இருக்கிறது, மீதிப் பாதி அந்த பிலிமில் இருக்கிறது. ஒரே பிலிமைப் போட்டு, ஒரே டெவலப்பரில் வருஷக்கணக்காகக் கழுவி வந்தால், மீட்டரை வெளியே எடுப்பதற்கு முன்பே சில விஷயங்கள் தெரிந்துவிடும். இந்தத் திண்ணை நிழலில் எவ்வளவு விவரம் நிற்கும், எதிர்ச் சுவரின் சுண்ணாம்பு வெள்ளை எங்கே போய் தீய்ந்துவிடும், டேங்க்கில் எத்தனை நிமிடம் வைத்தால் இரண்டையும் ஒரே பேப்பரில் கொண்டுவரலாம் என்பதெல்லாம் யோசிக்காமலே வரும். புத்தகத்தில் படித்து வருவதில்லை இது. ஒவ்வொரு நெகடிவையும் லைட் பாக்ஸில் வைத்து, லூப்பைக் கண்ணில் வைத்துப் பார்த்துப் பார்த்து வருவது. பிலிம் நின்றுபோனால் அந்த அறிவுக்குக் கீழே இருந்த தரை போய்விடுகிறது.

இது எனக்கு மட்டும் தோன்றுகிற விஷயம் இல்லை. ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் சேர்ந்து 1940-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலிஸில் ஸோன் சிஸ்டத்தை வகுத்தார்கள். கருப்பு-வெள்ளை கற்றுக்கொள்பவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். அந்த முறையின் முதல் பாடமே உன் பிலிமைச் சோதித்துப் பார் என்பதுதான். உன் கேமராவில், உன் மீட்டரில், உன் டெவலப்பரில் அந்த பிலிமின் உண்மையான வேகம் எவ்வளவு, எத்தனை நிமிடம் கழுவினால் ஹைலைட் எங்கே போய் நிற்கிறது என்று ரோல் ரோலாகச் செலவழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிலிம் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பிலிம் நின்ற செய்தியைக் கேட்டு ஒருவர் கலங்கினால், அவர் பழைய நினைவுகளில் மூழ்கியிருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த ஒன்று செல்லாமல் போனதைப் பற்றித்தான் அவர் பேசுகிறார்.

பிலிமை விட்டுப் போனவர்களிடமும் இது தெரிகிறது. ஒளிப்படக் கலைஞர் செபாஸ்தியோ சல்காடோ பல வருஷம் ட்ரை-எக்ஸில் வேலை செய்தவர். ‘ஜெனிசிஸ்’ தொகுப்புக்காக உலகம் சுற்றிக்கொண்டிருந்தபோது, விமான நிலைய எக்ஸ்-ரே சோதனைகளின் தொல்லை தாங்காமல் 2008-ல் டிஜிட்டலுக்கு மாறினார். மாறிய பிறகும், ட்ரை-எக்ஸின் கிரெய்னை மென்பொருளில் சேர்த்துத்தான் படத்தை முடித்தார். கேமரா மாறியது, ஆனால் படம் எப்படி இருக்க வேண்டும் என்ற அவருடைய தீர்ப்பு பழைய பிலிமிலேயே இருந்தது.

புஜியும் இதைப் புரிந்துவைத்திருந்தது. 2016-ல் எக்ஸ்-ப்ரோ2 டிஜிட்டல் கேமராவை வெளியிட்டபோது அதில் அக்ராஸ் என்ற பெயரிலேயே ஒரு பிலிம் சிமுலேஷன் கொடுத்தார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை ஃபில்டர் போட்டது போன்ற வகைகளும் அதில் உண்டு. நல்ல சிமுலேஷன் அது, நானே பயன்படுத்துகிறேன். பெயருக்குக் காரணமான பிலிம் இரண்டு வருஷத்தில் நின்றுபோகும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. சிமுலேஷன் அக்ராஸின் டோனைத் தரும். ஒன்றரை நிமிடத்தை ஒன்றரை நிமிடமாகவே வாங்கிக்கொள்ளும் அந்தப் படிகங்களைத் தராது.

அறிவிப்பு வந்த பிறகு ஆளாளுக்கு ஒரு மாதிரி நடந்துகொண்டார்கள். ஒரு கூட்டம் கிடைத்த ரோல்களையெல்லாம் பெட்டி பெட்டியாக வாங்கி பிரிட்ஜில் அடுக்கியது. ஷீட் பிலிம் போடுபவர்கள்தான் மிகவும் பதறினார்கள், ஏனென்றால் அவர்களுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். இன்னொரு கூட்டம் உடனே மாற்று தேடி இறங்கியது. டி-மேக்ஸ் 100, டெல்டா 100, எஃப்.பி.4 என்று ஒவ்வொன்றையும் ரோடினால், டி-76 டெவலப்பர்களில் கழுவிப் பார்த்து, அக்ராஸோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மூன்றாவது கூட்டம் கம்பெனிக்கே எழுதியது. வேண்டாம், நிறுத்தாதீர்கள், வேறு வழி இருந்தால் பாருங்கள் என்று ஜப்பானிலும் வெளிநாடுகளிலும் இருந்து கேட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் பிலிமையே விட்டுவிட்டவர்களும் உண்டு.

பழைய ஆட்களுக்கு இது புதிதல்ல. கோடாக்கின் பானடோமிக்-எக்ஸ் 1980-களின் பிற்பகுதியில் போனது. டெக்னிகல் பான் 2004-ல் போனது. இலைகளைப் பனி மாதிரி வெளுக்கவைத்த இன்ஃப்ராரெட் பிலிமான எச்.ஐ.இ. 2007-ல் போனது. பிளஸ்-எக்ஸ் 2011-ல். ஜெர்மனியில் அக்ஃபாஃபோட்டோ 2005-ல் திவாலானதும் ஏ.பி.எக்ஸ். 100-ஐ அந்தத் தொழிற்சாலை செய்வது நின்றது. புஜியிலேயே நியோபான் 1600-உம் 400-உம் அக்ராஸுக்கு முன்பே போய்விட்டன. ஒவ்வொன்று போகும்போதும் அதை மட்டுமே நம்பியிருந்த யாரோ ஒருவர் தன் வேலையை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

கம்பெனிகள்மேல் கோபப்படுவது எளிது. ஒரு பிலிம் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் கோபம் தணிந்து கவலை வரும். ஒரு மீட்டருக்கும் அதிக அகலம், ஆயிரக்கணக்கான அடி நீளம் கொண்ட பிளாஸ்டிக் தளத்தின்மேல் எமல்ஷனை அடுக்கு அடுக்காகப் பூச வேண்டும். எல்லாம் கும்மிருட்டில். தூசி ஒரு துளி படக்கூடாது, வெப்பமும் ஈரப்பதமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும், அடுக்கின் கனம் இம்மியும் மாறக்கூடாது. நாம் கேமராவில் போடும் 36 படச் சுருள் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், அவ்வளவுதான். அந்தப் பெரிய சுருள் ஒன்றை வெட்டினால் இப்படிப் பல்லாயிரம் ரோல்கள் வரும். உலகமே பிலிம் வாங்கிய காலத்துக்காகக் கட்டிய இயந்திரங்கள் இவை. பிலிமின் உலகத் தேவை 2000-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பத்தே வருஷத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. கொஞ்சமாகச் செய்து கொஞ்சமாக விற்கலாம் என்றால் இயந்திரம் அதற்கு இடம் கொடுக்காது. ஒரு தடவை பூசிவிட்டால் அத்தனை ரோலும் காலாவதி தேதிக்குள் விற்றாக வேண்டும்.

மூலப்பொருள் பிரச்சினை அதைவிடப் பெரிது. ஜெலட்டின், வெள்ளி, ஒவ்வொரு நிறத்துக்கும் உணர்வூட்டும் சாயங்கள், கெட்டிப்படுத்தும் ரசாயனங்கள் என்று ஒரு பிலிமுக்குள் போகும் சாமான்கள் ஏராளம். அவற்றில் சிலவற்றைச் செய்ய உலகத்தில் ஓரிரு சப்ளையர்கள்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கடையைக் கட்டினால் செய்முறைத் தாள் கையில் இருந்தும் பிலிம் வராது. வேறு சாயத்தைப் போட்டால் வேகம் மாறும், கிரெய்ன் மாறும், சிவப்பைப் பார்க்கும் விதம் மாறும். சமையல் குறிப்பு அப்படியே இருந்து மிளகாயும் அடுப்பும் மாறிவிட்டால் பழைய குழம்பு வராது, அதே கதைதான்.

இதைப் பற்றிப் பேசும்போது ஊட்டியை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனசு வராது. இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் 1960-ல் மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கியது. பிரான்ஸின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு, 1967-ல் உதகமண்டலத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு-வெள்ளை ரோல், பிரிண்ட் பேப்பர், சினிமா பிலிம், எக்ஸ்-ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. அந்தப் பகுதிக்கே இந்து நகர் என்று பெயர் வந்தது. இந்த நாட்டில் ஒரு பிலிமை இருட்டில் பூசி, வெட்டி, துளை போட்டு, டப்பாவில் அடைக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நீலகிரி மலைமேல் இருந்தார்கள். 1990-களில் அது நலிவடைந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு பல வருஷம் இழுபறியாகக் கிடந்து, 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, கதை முடிந்தது. அந்தத் தொழிலாளர்களின் வேலை போன துயரம்தான் முதல் துயரம், அதில் சந்தேகமே இல்லை. அதோடு சேர்ந்து, இருட்டில் கைவிரல்களால் மட்டுமே செய்யத் தெரிந்த ஒரு வித்தையும் இங்கே அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றுவிட்டது. இன்றைக்கு நம்மிடம் பிலிம் போட ஆள் இருக்கிறது, ஆனால் எல்லா ரோலும் கப்பலிலும் விமானத்திலும் வர வேண்டியிருக்கிறது.

இதே நிலைமையிலிருந்து பிழைத்த தொழிற்சாலையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் செஷயர் மாவட்டத்து மொபர்லியில் உள்ள இல்ஃபோர்டு ஆலை. 2004-ல் அந்த நிறுவனம் கடனில் சிக்கி ரிசீவர் பொறுப்புக்குப் போனது. அடுத்த வருஷம் அங்கே வேலை பார்த்த மேலாளர்களே சேர்ந்து அதை வாங்கி, ஹார்மன் டெக்னாலஜி என்ற பெயரில் நடத்த ஆரம்பித்தார்கள். கலர் பிலிம் சந்தை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் கருப்பு-வெள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டு, இருக்கிற தேவைக்கு ஏற்ப ஆலையைச் சுருக்கிக்கொண்டார்கள். எஃப்.பி.4-உம் எச்.பி.5-உம் இன்றைக்கும் நம் கைக்கு வருவது அதனால்தான். பிலிம் தொழிலில் சின்னதாக வாழக் கற்றுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

இப்போது அக்ராஸ் கதையின் மீதிக்கு வருகிறேன். 2019 ஜூனில் புஜி மறுபடியும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ரசிகர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டதாலும், சமூக ஊடகத் தலைமுறை பிலிமைத் தேடி வர ஆரம்பித்ததாலும், கிடைக்காமல் போன மூலப்பொருள்களுக்கு மாற்று கண்டுபிடித்து, செய்முறையைப் புதிதாக வகுத்து, அக்ராஸ் II கொண்டுவருகிறோம் என்றார்கள். அந்த நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 35 மி.மீ., 120 இரண்டும் வந்தன. ஷீட் பிலிம் வரவில்லை. அட்டைப் பெட்டியில் தயாரிப்பு இடம் பிரிட்டன் என்று அச்சிடப்பட்டிருந்தது. பிரிட்டனில் பிலிம் பூசும் ஆலை என்றால் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஊர்தான்.

நான் அக்ராஸ் II-ஐ நிறையப் போட்டிருக்கிறேன். 120 விநாடி வரை எதுவும் கூட்ட வேண்டாம் என்பது புதிய தகவல் தாளிலும் இருக்கிறது, களத்திலும் சரியாக இருக்கிறது. எண்ணூரில் ஒன்றரை நிமிடம் மறுபடியும் ஒன்றரை நிமிடம்தான். ஹைலைட் பகுதி மட்டும் என் கண்ணுக்குப் பழையதைவிடக் கொஞ்சம் துள்ளலாகத் தெரிகிறது, அதனால் டேங்க்கில் வைக்கும் நேரத்தை ஒரு சின்ன அளவு குறைத்துக்கொண்டேன். பழைய அக்ராஸில் சேர்த்த கணிப்பில் பெரும் பகுதி இதிலும் செல்கிறது. எனக்கு அது போதும். ஷீட் பிலிம் போட்டவர்களுக்கு அந்த ஆறுதல் இல்லை, அவர்களுக்கு 2018-ல் போனது போனதுதான்.

இந்த மறுவருகையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று இருக்கிறது. பிரிட்ஜை நிரப்பியவர்களைக் குறை சொல்லமாட்டேன், பயத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் பதுக்கி வைத்த பிலிமுக்கு ஆயுள் உண்டு. மெதுவான பிலிம்கள் குளிரில் நெடுநாள் தாங்கும் என்பது உண்மை. ஃப்ரீசரில் வைத்தாலும் விண்வெளிக் கதிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெகடிவில் மூட்டம் ஏற்றிக்கொண்டேதான் இருக்கும். 120 ரோலில் சில சமயம் பின்காகிதத்தின் எண்கள் படத்திலேயே பதிந்துவிடும். நம்மூர் ஈரக் காற்றில் இன்னும் கவனம் வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் எமல்ஷன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். சில மணி நேரம் மூடியபடியே வெளியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். இவ்வளவு பாதுகாத்தும், வைத்திருப்பவர் ஒவ்வொரு ரோலையும் செலவழிக்கத் தயங்குவார். நல்ல படத்துக்காகக் காத்திருப்பார், படமும் எடுக்கமாட்டார், கையில் இருந்த பழக்கமும் போய்விடும்.

மேலும், ஒரே தடவையில் எல்லாரும் அள்ளிக்கொண்டு போவது கம்பெனிக்குக் கிடைக்கும் கடைசிச் சம்பளம் மட்டும்தான். அடுத்த வருஷமும் அந்த இயந்திரத்தை ஓட்டலாம் என்ற நம்பிக்கையை அது தராது. மாதாமாதம் கடைக்குப் போய் ஒன்றிரண்டு ரோல் வாங்குகிறவர்கள்தான் அந்த நம்பிக்கையைத் தருகிறார்கள். 2012-ல் கோடாக் நிறுத்திய டி-மேக்ஸ் பி3200, 2018-ல் திரும்பி வந்தது. அக்ராஸுக்கு நிறுத்த அறிவிப்பு வந்த அதே வசந்த காலத்தில்தான் இதுவும் நடந்தது. ஒரு கம்பெனி கதவை மூடியபோது இன்னொன்று திறந்தது என்றால், பிலிம் வாங்கும் கைகள் நடுவில் இருந்த வருஷங்களில் கூடியிருந்தன என்று அர்த்தம்.

எந்த பிலிமில் ஆரம்பிப்பது, அதுவும் ஒருநாள் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பிலிமுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஒரே பிலிமை, ஒரே டெவலப்பரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். விலை தாங்கவில்லை என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து நூறு அடிச் சுருளாக வாங்குங்கள். இருட்டில் வெட்டி கேசட்டில் ஏற்றிக்கொண்டால் 36 படச் சுருள்கள் பதினெட்டு வரை தேறும். ஒவ்வொரு ரோலுக்கும் வெளிச்சம், எக்ஸ்போஷர், கழுவிய நேரம், தண்ணீரின் சூடு நான்கையும் நோட்டில் எழுதி வையுங்கள். குறைந்தது ஒரு வருஷம் வேறு பிலிமைத் தொடாதீர்கள்.

அந்த பிலிம் ஒருநாள் நின்றாலும் நிற்கலாம். அப்போது உங்களுக்கும் வலிக்கும், வலிக்கட்டும். ஆனால் ஒரு பிலிமை முழுசாகக் கற்றவருக்கு அடுத்ததை எப்படிக் கற்பது என்பது தெரிந்திருக்கும். எதைச் சோதிக்க வேண்டும், நெகடிவில் எங்கே பார்க்க வேண்டும், நிழலுக்கு எவ்வளவு, ஹைலைட்டுக்கு எவ்வளவு என்ற கேள்விகள் கைவசம் இருக்கும். பதில்கள் மட்டும்தான் மாறும். பத்து பிலிமை மேலோட்டமாகப் போட்டுப் பார்த்தவருக்கு அந்தக் கேள்விகளே தெரிந்திருக்காது. பிடித்த பிலிமை விடாமல் வாங்குங்கள், வாங்கியதை வீணாக வைத்திருக்காமல் படம் எடுங்கள், எடுத்ததை நீங்களே கழுவுங்கள். ஜப்பானிலோ மொபர்லியிலோ யாரோ ஒருவர் அடுத்த சுருளை இருட்டில் பூசுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, அவர் கையில் இருக்கும் கணக்கில் உங்கள் ரோலும் ஒன்றாக இருக்கும்.